சித்திரையிலேயே நின்ற கலண்டர்

அக்கா,

முதலில் பிள்ளைகளின் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே அதைத்தான் கேட்டிருப்பீர்கள். மகனின் மூத்தவன் எலும்பு டாக்குத்தர் ஆகிவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் நடக்க, பின்னால் நாலு பேர் எழுதிக்கொண்டு ஓடுகிறார்கள். முழங்காலைக் காட்டப் போனபோது என் கண்ணாலேயே கண்டேன். அவனுடைய தங்கச்சி வழக்கறிஞர். நீதிமன்றத்தில் அவள் கதைத்த பிரெஞ்சைக் கேட்ட எதிர்த்தரப்பு வக்கீல், பாரிஸில் படித்தீர்களா என்று கேட்டாராம். இல்லை, இங்கே எங்கள் ஆக்கள் குடியிருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் என்றாளாம். மகளின் இளையவன் பியானோப் போட்டியில் இரண்டாவதாக வந்தான். முதலாவதாக வந்த பெட்டைக்கு விரல்கள் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது என் கருத்து. ஐந்தாம் வகுப்போடு நின்று கனடாவுக்கு வந்த எனக்கு இப்படி நாலு பேரப்பிள்ளைகள். இவர்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் ஏறிவிடும் என்று சிரிப்பீர்கள். இப்போதும் ஏறத்தான் செய்கிறது. நாலாவது ஆளைச் சொல்ல வரும்போதுதான் கை நிற்கிறது.

நாலாவது ஆள் மகளின் மூத்தவள், ஆரணி. உங்களுக்கு அவளைத் தெரியும். சனிக்கிழமைகளில் கடையின் பின்னறைக்கு என்னோடு வந்து, உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் இருந்து படம் கீறிக்கொண்டிருப்பாளே, அவள்தான். பழைய சுவர்ப்படங்களைத் துப்புரவாக்கித் திருத்துகிற படிப்புப் படித்தாள். இப்போது இத்தாலியில் ஒரு குழுவோடு வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. எனக்குக் கடதாசிப் படம்தான் பிடிக்கும் என்று தெரிந்து, ஒரு படத்தைப் பெரிதாக அடித்து அனுப்பியிருந்தாள். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு உயரமான சாரத்தில் நின்று சிரிக்கிறாள். பின்னால் சுவர். சுவரில் ஒரு மரம், மரத்தில் இரண்டு பொடியன்கள். ஒருவன் கொப்பை வெட்டுகிறான். மற்றவன் எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். திரும்பியிருக்கிற அந்தக் கழுத்துக்கு மேலே முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அளவு சாந்து மட்டும் இருக்கிறது.

அந்த மரத்தை எனக்குத் தெரியும், அக்கா. அந்தக் கழுத்தையும் தெரியும். படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், திறந்த குழாயை மூட மறந்து நின்றேன்.

ஜான்-டலோன் சந்தைக்குப் பின்தெருவில் எங்களுடைய கடை இருந்தது. எங்களுடைய கடை என்று சொல்கிறேன். முதலாளி ஒரு இத்தாலியக் கிழவர், நாங்கள் நாலு பெண்கள் பின்னறையில் கீரை ஆய்ந்து, லீக்ஸின் வேரை வெட்டி, பழுதான தக்காளியைப் பொறுக்கி எறிகிறவர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு அவர் ஆளுக்கொரு போத்தல் எண்ணெயும் கடைச் சுவருக்கு ஒரு கலண்டரும் தருவார். அந்த ஆண்டுக் கலண்டரில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே கட்டிடத்துச் சுவர்ப்படங்கள். அவர் பிறந்த ஊராம்.

"ராகுகாலம் போடாத கலண்டர் என்ன கலண்டர் அக்கா?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு ராகுகாலம் வேணுமெண்டா முதலாளி கத்துற நேரத்தைப் பார்" என்றீர்கள்.

வேதக் கதையெல்லாம் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். கரையூர்ப் பக்கத்துக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர் நீங்கள். மாதம் பிறந்தால் தாளைப் புரட்டுவதும் நீங்கள்தான், கதை சொல்வதும் நீங்கள்தான். தை மாதத்தில் ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற யேசு, காலைச் சுற்றி மீன்கள். "உது என்ன மீனெண்டு கீறினவனுக்கே தெரியேல்லை" என்று கடற்கரைக்காரியின் வாயால் சொன்னீர்கள். அது ஞானஸ்நானம் கொடுக்கிற கட்டிடம் என்றும், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் தனியாகக் கட்டியிருப்பார்கள் என்றும், தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அந்தக் காலத்தில் கோயிலுக்குள் விடுவார்கள் என்றும் விளங்கப்படுத்தினீர்கள். கூரையில் இருந்து நிலம் மட்டும் இடைவெளி விடாமல் கதையாம்.

"இவ்வளவும் ஏன்?"

"எழுத்துத் தெரியாத சனம் பாக்கிறதுக்கு."

"அப்ப எனக்குத்தான் கீறியிருக்கினம்" என்றேன்.

மாசி மாதத்துப் படத்தை நீங்கள் சொல்லவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை அதன் மேல் ஒட்டி, திகதி மட்டும் தெரிய விட்டீர்கள். ஆரணி அதைக் கிளப்பிப் பார்த்துவிட்டு, சேவகர்கள் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து இழுத்து வெட்டுகிற படம் என்று என் காதுக்குள் சொன்னாள். பங்குனியில் பெருவெள்ளமும் கப்பலும். சோடி சோடியாக ஏறுகிற மிருகங்களைப் பார்த்து, "இந்தக் கப்பலுக்கு ஏசென்ற் ஆர் அக்கா?" என்று நான் கேட்க, "கடவுள்தான். ஆனா இவர் கொண்டுபோய்ச் சேர்த்த ஏசென்ற்" என்றீர்கள். காசு வாங்கி ஆள் கடத்துகிற ஏசென்ற்மாரை நினைத்து, எங்களோடு வேலை செய்த மற்ற இரண்டு பெண்களும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சாக்கின் மேல் இருந்த பிள்ளையும் சிரித்தாள்.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆரணிக்குப் படத்தில் கைவந்தது எங்கள் பக்கத்து இரத்தம், என்னுடைய ஐயா கோயில் தேர் நிறுத்துகிற முட்டியில் சித்திரம் கீறினவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஐயா தேருக்கு வாழைக்குலை கட்டினவர். அவளுக்குச் சுவரைப் பார்க்கப் பழக்கினது நீங்கள். வளர்ந்த பிறகு உலகத்தில் எத்தனையோ சுவர் இருக்க அந்த ஊர்ச் சுவரைத் தேடிக் கேட்டு அவள் போனதற்கும் உங்கள் கலண்டர்தான் காரணம். ஒரு நாளும் ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

சித்திரை மாதத்துப் படம் குருத்தோலை ஞாயிறு. கழுதையில் யேசு வருகிறார். வழியில் சனம் உடுப்பை விரிக்கிறது. ஓரத்தில் மரம். குருத்தோலை என்றால் தென்னை அல்லது பனை என்று நான் எதிர்பார்த்தேன். இது சின்னச் சின்ன இலையோடு ஏதோ ஒரு மரம்.

"முருங்கையிலை ஏறியிருக்கிறான் அக்கா. முறிஞ்சு விழப் போறான்."

நீங்கள் சிரிக்கவில்லை. லீக்ஸ் வெட்டின கையைத் துடைத்துக்கொண்டு கலண்டருக்குக் கிட்டப் போனீர்கள். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தீர்கள்.

"பிள்ளை, இவன் என்ரை மோன்ரை சாயல்."

உங்களுக்கு ஒரே மகன் என்பதும், பதினாறு வயதில் அவனை வீட்டுக்கு வந்து கூட்டிப் போனார்கள் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்களாம். யார் என்று நீங்கள் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் மற்றதைச் சொன்னீர்கள். அவனுடைய படம் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. காணாமல் போனவர்களைப் பதிகிற ஓர் அலுவலகத்தில், பிரதி எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று அதை வாங்கி வைத்தார்கள். பிறகு தரவில்லை. நீங்கள் கனடாவுக்கு வந்த பிறகும் அதைக் கேட்டுக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"முகம் அழிஞ்சு போகுது பிள்ளை. வாயும் நாடியும் நினைவிருக்கு. கண் எப்பிடி இருந்ததெண்டு தெரியேல்லை. பெத்தவளுக்குத் தெரியேல்லை. இஞ்சை பார், இப்பிடித்தான் இருந்தது."

நான் பார்த்தேன். மெலிந்த முகம், கொஞ்சம் பெரிய காது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிய கண். இருக்கலாம் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை.

வைகாசி வந்தது. நீங்கள் தாளைப் புரட்டவில்லை. ஆனி வந்தது, ஆடி வந்தது. கலண்டர் சித்திரையிலேயே நின்றது. முதலாளி ஒரு நாள் உள்ளே வந்து, இந்தக் கடையில் மட்டும் ஏன் வெயில்காலம் வரவில்லை என்று கேட்டார். யாரோ அவருக்குக் காரணத்தைச் சொல்ல, கிழவர் ஆணியில் இருந்து கலண்டரைக் கழற்றி, அந்தத் தாளைக் கவனமாகக் கிழித்து உங்களிடம் தந்தார். அதைச் சுருட்டி, மெட்ரோவில் யாரும் முட்டாதபடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனீர்கள்.

அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டியில் ஆரணிக்கு முதற்பரிசு. பரிசோடு நிற்கிற படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினேன். உங்களுக்கென்று ஒரு பிரதியும் கொண்டுவந்திருந்தேன். என் பேரப்பிள்ளைகளின் படம் எது எடுத்தாலும் உங்களுக்கு ஒன்று தருவது வழக்கம். நீங்கள் அதன் பின்பக்கத்தில் "பல்லு விழுந்த வருசம்", "முதல் பனியில் விழுந்தெழும்பினது" என்று எழுதி வைப்பீர்கள்.

அன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "பிள்ளை, ஆரணி வலு வடிவாக் கீறுறாள். அந்தக் கலண்டர்ப் பொடியன்ரை முகத்தை மட்டும் பெருசாக் கீறித் தருவாளோ? தாளிலை கிடக்கிறது மிளகு அளவு. என்ரை கண்ணுக்கு இப்ப எட்டுதில்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினைந்து வருசமாக எனக்கே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். அந்த மாதம்தான் பிள்ளைக்கு ஏழரைச் சனி தொடங்கினது என்று சாத்திரி சொல்லியிருந்தார். இல்லாமற்போனவனின் முகம் பிள்ளையின் கையால் வரக்கூடாது என்று பயந்தேன். அது ஒன்று. நான் என் பேத்தியின் பரிசைக் காட்ட, எல்லோருடைய கண்ணும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது, அது இரண்டாவது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"செத்தவன்ரை முகத்தை என்ரை பேத்தி கீறமாட்டாள்" என்றேன்.

நீங்கள் அழுவீர்கள், அல்லது ஏசுவீர்கள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் ஏசிவிட்டுப் பின்னேரம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீங்கள் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தீர்கள். உங்கள் முகத்தில் கோபம் இல்லை. ஆசை இருந்தது, அக்கா. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"உனக்கு ஆர் சொன்னது?"

"என்ன?"

"அவன் செத்தது. உனக்கு ஆர் சொன்னது? ஆரும் கண்டவையோ? எங்கை?"

"ஐயோ அக்கா, ஆரும் சொல்லேல்லை. சும்மா சொன்னனான்."

"சும்மா ஒருத்தரும் அப்பிடிச் சொல்லாயினம் பிள்ளை. உன்ரை புருசன்ரை ஆக்கள் அந்தப் பக்கத்திலை இருந்தவை எல்லோ. சொல்லு. நான் தாங்குவன்."

காணாமல் போனவனின் தாய்க்கு முன்னால் ஒரு சொல்லும் சும்மாச் சொல் இல்லை என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது? தெருவில் யாராவது அவளுடைய ஊர்ப் பெயரைச் சொன்னாலே திரும்பிப் பார்ப்பவள் அவள். அப்படிப்பட்டவளிடம் நான் செத்தவன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லைப் போய் நீங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்தது எனக்கு இன்றைக்கும் கோபம். ஒளிக்காமல் எழுதுகிறேன். பஸ் தரிப்பில் காத்து நின்றீர்கள். என் மகளுக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். கோயில் தேரன்று, வெயிலில், கழுத்தில் செபமாலையோடு அத்தனை சனத்துக்குள்ளும் வந்து, அர்ச்சனைத் தட்டோடு நின்ற என் சேலைத் தலைப்பைப் பிடித்தீர்கள்.

"எலும்பெண்டாலும் சொல்லு பிள்ளை. எந்த இடமெண்டு மட்டும் சொல்லு."

சனம் பார்த்தது. என் சம்பந்தி வீட்டார் பார்த்தார்கள். "உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ? எனக்கொண்டும் தெரியாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்று கத்தினேன். தேர் இழுக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். நீங்கள் தலைப்பை விட்டுவிட்டு, "கத்துறாய். ஏதோ தெரியாட்டி ஏன் கத்துறாய்?" என்றீர்கள்.

அடுத்த மாதமே கடையை விட்டு வேறு இடத்தில் வேலை எடுத்தேன். நீங்கள் உங்கள் பெறாமகளோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய்க்குப் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி.

ஒரு வருசம் போயிருக்கும். உங்கள் பெறாமகள் வந்து ஓர் உறையைத் தந்தாள். உள்ளே என் பேரப்பிள்ளைகளின் படங்கள் அத்தனையும். பின்பக்கத்து எழுத்துகளோடு அப்படியே. "அன்ரி சொல்லச் சொன்னவா: உன்ரை பிள்ளையளின்ரை படமெல்லாத்தையும் திருப்பித் தந்திட்டன், நீ வைச்சிருக்கிறதை எனக்குத் தா எண்டு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைகளின் படத்தைத் திருப்பி அனுப்புவது சாபம் போல என்று பட்டது. "அன்ரியைக் கொண்டுபோய் டாக்குத்தருக்குக் காட்டுங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தப் படங்களை உப்புச் சுற்றித்தான் வீட்டுக்குள் எடுத்தேன். உங்களுக்குச் சாபம் போடத் தெரியாது. நீங்கள் பேரம் பேசினீர்கள். கையில் இருந்த முகங்களையெல்லாம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு முகத்தின் சேதியைக் கேட்டீர்கள்.

போன மாரிக்கு முந்தின மாரி உங்கள் மரண அறிவித்தல் வந்தது. மஞ்சள் வழி மெட்ரோவில் லொங்குய்ய்க்குப் போனேன். பெட்டிக்குக் கிட்டப் போகாமல் தூர நின்றேன். உங்கள் பெறாமகள் வந்து மரியாதையாகத்தான் கதைத்தாள். "அன்ரி கடைசி மட்டும் சொன்னவா, அவளுக்குத் தெரியும், என்ரை மனம் நோகும் எண்டுதான் சொல்லாமல் இருக்கிறாள் எண்டு. நல்லவள் எண்டுதான் சொன்னவா" என்றாள். கலண்டர்த் தாளை மடித்து உங்கள் கைக்குள் வைத்து அனுப்புகிறோம் என்றும் சொன்னாள். அன்றைக்குத் திரும்பி வருகையில் ரயிலில் இருந்து நான் அழவில்லை. நல்லவள் என்று நீங்கள் சொன்னது எரிச்சலாக இருந்தது. திட்டிவிட்டுப் போயிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

இவ்வளவும் ஆரணிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கு வேலை செய்யப் போகிறேன் என்று அவள் துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். மரத்தில் ஒரு பொடியன் இருப்பான், பிள்ளை, அவனைக் கவனமாகப் பார் என்று ஒரு வார்த்தை. அவளுக்கு முன்னால் என் முகம் சின்னதாகிவிடும் என்று பயந்து, "சாப்பாட்டைக் கவனி, சாரத்திலை பார்த்து ஏறு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை உறை வந்த பிறகு அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"படம் கிடைச்சுதோ அம்மம்மா? வடிவா இருக்கிறனா?"

"வடிவு. உந்த மரத்திலை இருக்கிற பொடியன்ரை முகம் எங்கை?"

"ஓ, அதைக் கண்டிட்டீங்களா! அதுதான் என்ரை வேலை. அந்த முகம் ஒரிஜினல் இல்லை அம்மம்மா. ஈரச் சாந்திலை கீறின பழைய முகம் எப்பவோ உதிர்ந்து போச்சு. நூறு வருசத்துக்கு முந்தி ஆரோ ஒருத்தர் வந்து, புதுச் சாந்து பூசித் தன்ரை பாட்டிலை ஒரு முகத்தைக் கீறி விட்டிருக்கிறார். ஆரோ தெரிஞ்ச பெடியனைப் பாத்துக் கீறியிருக்க வேணும். பொய் முகம். அப்பிடியானதை எடுத்திட்டு, இல்லாத இடத்தை இல்லாத மாதிரியே விடுறதுதான் இப்பத்தைய முறை. அந்தத் துண்டை என்னட்டை விட்டவை. மூண்டு நாள் பஞ்சாலை ஒத்தி ஒத்தி எடுத்தனான். சுத்தி ஒரு இலைகூடச் சேதமில்லை. பெரியவ வந்து பாத்திட்டுக் கைதட்டினவா."

அவளுடைய குரல் ஏறிவிட்டது. என் பேத்திதான்.

"பொய்யெண்டாலும் முகம்தானே பிள்ளை" என்றேன்.

"என்ன அம்மம்மா?"

அப்போதுதான் சொன்னேன். கலண்டரை, உங்களை, நீங்கள் கேட்டதை, சாத்திரி சொன்ன சனியை, நான் சொன்ன சொல்லை. தேரன்று கத்தினதையும் சொன்னேன். தூரத்தில் யாரோ இத்தாலியில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அந்த அம்மம்மாவை எனக்கு நல்ல நினைவிருக்கு" என்றாள் கடைசியில். "என்னட்டைக் கேட்டிருந்தா நான் கீறிக் குடுத்திருப்பன். பதினொரு வயசிலை எனக்கு என்ன சனி?" பிறகு, "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றாள். அதுதான் கேள்வி. எல்லோருக்கும் நான் சொல்லாமல் விட்டதுதான் பாக்கி.

டாக்குத்தர்ப் பேரனைப் பிடித்துக் கணினியில் தேடச் சொன்னேன். சுவர் முழுவதையும் காட்டுகிற படங்கள் இருக்கின்றன. மரத்துப் பொடியனைப் பெருப்பித்தால் முகம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது கோப்பிக் கடை. உங்கள் தாள் மண்ணுக்குக் கீழே உங்கள் கையில் இருக்கிறது. சுவரிலிருந்து முகத்தை எடுக்கும் முன் கிட்டப் பிடித்த படங்கள் கட்டாயம் இருக்கும் என்றாள் ஆரணி. ஒவ்வொரு துண்டையும் தொட முன்னம் படம் எடுத்துக் கோப்பில் வைப்பார்களாம். அந்தக் கோப்பு அவளுடையதில்லை.

அந்தப் படம் கிடைத்தால் நான் என்ன செய்யப் போகிறேன் என்று மகள் கேட்கிறாள். எனக்குத் தெரியாது. உங்கள் கல்லறையில் கொண்டுபோய் வைத்து அழுகிற ஆள் நானில்லை. அவன் உங்கள் மகனுமில்லை. நூறு வருசத்துக்கு முந்திய ஏதோ ஒரு இத்தாலியப் பெடியன், அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். ஆனால் உங்கள் மகனின் கண் எப்படி இருந்தது என்று உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். அதை என் வீட்டுப் பிள்ளையின் கை, மிகவும் பொறுமையாக, ஒரு இலையும் சேதமில்லாமல், துடைத்து எடுத்திருக்கிறது. அவளில் பிழையில்லை. அவளுக்கு ஆரும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவன் செத்ததை நான் காணவில்லை, கேட்கவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். லொங்குய்ய்க்கு வந்து, உங்களுக்கு முன்னால் இருந்து, நீங்கள் நம்புமட்டும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆற்றுக்குக் கீழே இரண்டு தரிப்பு. பதின்மூன்று வருசத்தில் அந்த இரண்டு தரிப்பை நான் கடக்கவில்லை. என்னிடம் இருக்கிறது என்று நீங்கள் நம்பின ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை; அந்த இல்லாத ஒன்றைத்தான் நான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க வழியில்லை, வாங்கிக்கொள்ள நீங்கள் இல்லை.

இன்றைக்கு ஞாயிறு. காலையில் ஆரணியிடம் திரும்பவும் கேட்டேன்.

"கடிதம் குடுத்திருக்கிறன் அம்மம்மா. கோப்பிலை இருக்கிற படத்தை வெளியிலை தாறதெண்டா மேலிடம் சம்மதிக்க வேணுமாம். இன்னும் பதில் வரேல்லை."

"திரும்பக் கேள்."

"வெள்ளிக்கிழமைதானே கேட்டனான்."

"திரும்பக் கேள் பிள்ளை. பதில் சொல்லுமட்டும் கேள். தந்த உடனே அனுப்பு. போனிலை வேண்டாம். கடதாசியிலை பெருசா அடிச்சு, தபாலிலை போடு."